யாக்கொப் ஃபியெல்டே: வெண்கலமாகும் முன்பே மறைந்த நார்வேச் சிற்பி

ஆற்றங்கரை

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் குடியேறிய சிற்பிகள் என்று எடுத்தாலே நம் பேச்சு இத்தாலிக்காரர்கள் பக்கம் போய்விடுகிறது. நார்வேயிலிருந்து போன ஒருவருக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

யாக்கொப் ஃபியெல்டே 1859இல் நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஓலசுண்ட் ஊரில் பிறந்தார். அப்பா மரச்சிற்பம் செதுக்குகிறவர். யாக்கொப் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) பிரின்யூல்ஃப் பெர்க்ஸ்லீனிடம் தொழில் கற்றார். பிறகு கோபன்ஹேகன் கலைக்கழகம், அதன்பின் ரோம். 1887இல் கப்பலேறி மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் குடியேறினார். 1896இல் அங்கேயே இறந்தார். வயது 37.

ஆக, அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்தது ஒன்பது ஆண்டுதான். அதற்குள் அவர் செய்தவற்றின் தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் முதலாம் மின்னசோட்டா படைப்பிரிவுக்கான நினைவுச்சின்னம்: அர்ப்பணிப்பு விழா 1897 ஜூலை 2. மினியாபொலிஸ் லோரிங் பூங்காவில் வயலின் மேதை ஓலே புல் சிலை: திறப்பு 1897 மே 17, அதாவது நார்வேயின் அரசியலமைப்பு நாள். மினிஹாஹா அருவிப் பக்கம் நிற்கும் ஹயாவதா சிலை: வெண்கலமாக நிறுவப்பட்டது 1912. நாடகாசிரியர் இப்சனின் மார்பளவுச் சிலை அமெரிக்கப் பூங்காக்களில் வைக்கப்பட்டது 1907, 1912, 1913. இந்த விழா எதற்கும் அவர் உயிரோடு இல்லை.

நகரத்து நூலகத்துக்குச் செய்த மினெர்வா (1889) போன்ற சிலவற்றை அவர் கண்ணால் பார்த்தார், மறுக்கவில்லை. ஆனால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பவற்றில் பெரும்பாலானவை அவருக்குப் பிறகே மேடையேறின. அவற்றை மேடையேற்றியவர்கள் யார், ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைப் பேசாமல் இவர் வாழ்க்கையைப் பேச முடியாது என்பது என் எண்ணம். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள்.

செம்பரிதி

நல்ல தொடக்கம் அண்ணா. ஒரு கேள்வி. ரோம் வரைக்கும் போய்ப் படித்தவர் ஊரிலேயே இருந்திருக்கலாமே? மினியாபொலிஸ் அப்போது மாவு ஆலைகள் நிறைந்த ஊர். ஒரு சிற்பிக்கு அங்கே என்ன வேலை இருந்திருக்கும்?

ஆற்றங்கரை

செம்பரிதி, அந்தக் காலத்து நார்வே மிகச் சிறிய சந்தை. ஸ்வீடன் மன்னரின் கீழ் இருந்த நாடு. பெரிய சிலை வைக்கப் பணம் உள்ள ஊர்கள் இரண்டு மூன்றுதான். மன்னர் கார்ல் யோகானைக் குதிரைமேல் அமர்த்தி அரண்மனை முன் நிறுத்திய வேலையை 1875இல் செய்து முடித்தவர் இவருடைய ஆசிரியர் பெர்க்ஸ்லீன். அந்த அளவு வேலை ஒரு தலைமுறைக்கு ஒன்று வந்தால் பெரிது.

ஊரில் இருந்தபோது ஃபியெல்டேவுக்கு அமைந்த நல்ல வாய்ப்பு இப்சன். வெளிநாட்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்த இப்சன் 1885 கோடையில் நார்வே வந்து மோல்டே ஊரில் தங்கினார். மோல்டே ஓலசுண்டுக்குப் பக்கம். அங்கே இப்சனை எதிரே உட்காரவைத்து ஃபியெல்டே மார்பளவுச் சிலை செய்தார். நாடே கொண்டாடிய, நாடே சண்டையிட்ட எழுத்தாளரின் முகம் 26 வயதுப் பையன் கைக்கு வந்தது. ஆனாலும் இரண்டே ஆண்டில் அவர் கப்பலேறினார் என்றால், புகழ் கிடைத்தாலும் வயிறு நிறையவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மினியாபொலிஸில் என்ன வேலை என்று கேட்டீர்கள். அங்கே நார்வேக்காரர்கள் இருந்தார்கள்! 1825க்குப் பிந்தைய நூறு ஆண்டில் நார்வேயிலிருந்து அமெரிக்கா போனவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெருந்தொகை மின்னசோட்டா, விஸ்கான்சின், டகோட்டா பக்கம்தான் போய்ச் சேர்ந்தது. காடு திருத்திய முதல் தலைமுறை முடிந்து, கடை வைத்தவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள், வழக்கறிஞர்கள் என்று இரண்டாம் கட்டம் வந்திருந்த நேரம். அவர்களுக்குத் தங்கள் ஆட்களைப் பொது இடத்தில் நிறுத்திப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. நகரமும் புதிது. 1867இல்தான் அது நகராட்சியானது. பூங்கா, நூலகம், பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் சிலை வேண்டும்.

இன்னொன்று: 1904 ஜனவரியில் ஒரே இரவில் ஓலசுண்ட் ஊர் கிட்டத்தட்ட முழுக்க எரிந்துபோனது. இன்று அங்கே போகிறவர்கள் ரசிக்கும் அழகான கட்டடங்கள் அந்தத் தீக்குப் பிறகு கட்டப்பட்டவை. அவர் பிறந்து வளர்ந்த மரவீட்டு ஊர் இப்போது இல்லை.

மண்வேலை

களிமண்ணில் உருவம் செய்கிறவன் என்ற முறையில் கெட்டிஸ்பர்க் சிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கதை. 1863 ஜூலை 2 மாலை. கெட்டிஸ்பர்க் போரின் இரண்டாம் நாள். வடக்குப் படையின் வரிசையில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அலபாமா படையினர் அதை நோக்கி வருகிறார்கள். துணைப்படை வந்துசேரச் சில நிமிடம் வேண்டும். தளபதி ஹான்காக் கைக்கு அகப்பட்டது முதலாம் மின்னசோட்டா மட்டும். பாயச் சொன்னார். போனவர்கள் 262 பேர், விழுந்தவர்கள் 215 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. வரிசை காப்பாற்றப்பட்டது.

இந்தச் சம்பவத்துக்குச் சிலை செய்யச் சொன்னால் பெரும்பாலானவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் நூற்றுக்கணக்கில் நிற்கும் சிப்பாய்ச் சிலைகளைப் பாருங்கள். துப்பாக்கியின் அடியைத் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் குழலைப் பிடித்து, ஓய்வாக நிற்பான். அதற்குத் தயார் அச்சே இருந்தது. பல ஊர்கள் பட்டியலைப் பார்த்து வாங்கின.

ஃபியெல்டேவின் சிப்பாய் ஓடுகிறான். கத்தி பொருத்திய துப்பாக்கியை முன்னே நீட்டியபடி, உடல் முழுக்க முன்னால் சாய்ந்து. சுடுவதற்கு நிற்கவில்லை, குறி பார்க்கவில்லை. அன்றைக்கு நடந்ததே அதுதான்: நேரம் வாங்குவதற்காக ஓடிப்போய் விழுவது. வீரத்தைக் காட்ட முகத்தில் ஏதும் செய்யத் தேவையில்லாமல், உடம்பின் சாய்மானத்திலேயே முடித்துவிட்டார்.

தொழில் செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியும். நிற்கும் உருவத்தில் எடை இரண்டு காலுக்கும் நடுவே இறங்கும். ஓடும் உருவத்தில் எடை காலுக்கு முன்னால் போய்விடும். களிமண் ஈரமாக இருக்கும்வரை அதன் கனம் உள்ளே இருக்கும் கம்பிக்கூட்டை வளைக்கப் பார்க்கும். காலையில் வந்து பார்த்தால் முந்தைய நாள் மாலை வைத்த தோள் கீழே இறங்கியிருக்கும். சலவைக்கல்லில் இதைச் செய்ய முடியாது. செய்தால் காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டையைச் செதுக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். வெண்கலம் உள்ளே வெற்றாக இருப்பதால், காலுக்குள்ளேயே தண்டு கொடுத்துப் பீடத்தில் இறக்கிவிடலாம். இந்தச் சிப்பாயைக் களிமண்ணில் பிடிக்கும்போதே அவர் வெண்கலமாகத்தான் யோசித்திருக்கிறார்.

இதையெல்லாம் ரோமில் கற்றாரா, மரச்சிற்பி அப்பாவிடம் கற்றாரா என்று வாதாடலாம். என் வரையில், கையில் இருந்த பொருளுக்கு எது பொருந்தும் என்ற அறிவு மரவேலை வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

ஏரிக்கரை வாசி

மினியாபொலிஸில் வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவள் நான். இந்த இழையைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஹயாவதா சிலை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழகிய சிலை.

மினிஹாஹா பூங்காவில் அருவிக்குச் சற்று மேலே ஓடை இரண்டாகப் பிரிந்து நடுவில் சின்னத் தீவு ஒன்று இருக்கிறது. சிலை அங்கேதான் நிற்கிறது. இளைஞன் ஒருவன் பெண்ணை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடையைக் கடக்கிறான். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1855இல் வெளியிட்ட நெடுங்கவிதையில் வரும் காட்சி அது. பனி உருகும் மாதங்களில் ஓடை நிறையத் தண்ணீர் வரும்போது பார்த்தால், அந்த ஆள் நிஜமாகவே தண்ணீருக்குள் அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்ப்பவன் போலத் தெரியும். மண்வேலை ஐயா சொன்னது இதற்கும் பொருந்தும். இரண்டு உடல் எடையும் ஒருவன் காலில் இறங்குகிறது.

1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மின்னசோட்டா மாநில மண்டபத்துக்காக இதை பிளாஸ்டரில் செய்தார். பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த சில்லறைக் காசும் இந்தச் சிலைக்குப் போயிருக்கிறது என்பதை இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். கண்காட்சி முடிந்த பிறகும் நெடுங்காலம் அது பிளாஸ்டராகவே இருந்தது. பிளாஸ்டருக்கு ஈரம் ஆகாது, அடி பட்டால் உடையும். அப்படிப்பட்ட ஒன்றைக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு காப்பாற்றி வைத்திருந்து வெண்கலமாக்கியிருக்கிறார்கள் என்றால் யாரோ சிலர் விடாப்பிடியாக இருந்திருக்க வேண்டும்.

ஓலே புல் சிலை நகர மையத்தில் இருக்கிறது. வயலினோடு நிற்கிறார். மதிய உணவு நேரத்தில் அலுவலகத்துக்காரர்கள் அந்தப் பக்கம் நடப்பார்கள். அவர் சொந்த ஊரான பெர்கனில் அவருக்குச் சிலை வந்தது 1901இல்தான். இங்கே நான்கு ஆண்டு முந்திக்கொண்டார்கள்!

பழுப்பேடு

ஓலே புல் பெயரைப் பார்த்ததும் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அவருடைய மனைவி சாரா புல்தான் சுவாமி விவேகானந்தரின் அமெரிக்கச் சீடர்களில் முக்கியமானவர். சுவாமிஜி ‘தீரமாதா’ என்று அழைத்தது இவரைத்தான். 1898இல் இந்தியா வந்தார், பேலூர் மடத்துக்கு உதவினார், ஜகதீச சந்திர போஸின் ஆய்வுக்கும் துணையாக இருந்தார். லோரிங் பூங்காவில் நிற்பவர் அந்த அம்மையாரின் கணவர். சரி, இழைக்குத் திரும்புங்கள்.

கேள்விக்குறி

எல்லோரும் ஹயாவதா சிலையைப் பாராட்டுகிறீர்கள். என்னால் அவ்வளவு எளிதாக முடியவில்லை.

ஹயாவதா என்ற பெயர் கிழக்கே இரோகுவா மக்களின் தலைவர் ஒருவருடையது. லாங்ஃபெல்லோ அந்தப் பெயரை எடுத்து, ஒஜிப்வே மக்களின் கதைகளை அதில் ஏற்றி, டகோட்டா மக்களின் அருவியில் கொண்டுவந்து வைத்தார். மூன்று வேறு மக்கள். லாங்ஃபெல்லோ அந்த அருவியை நேரில் பார்த்தவரும் அல்ல.

சரி, கவிதை கவிதைதான். ஆனால் அந்த இடத்தில் நடந்தது என்ன? 1862இல் டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் மூண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 26இல் மான்கேட்டோ ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். ஏறக்குறைய 1,600 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், அந்தக் குளிர்காலம் முழுக்க ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே அடைத்துவைத்தார்கள். 130 முதல் 300 பேர் வரை செத்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் கோட்டை அருவியிலிருந்து நடந்துபோகும் தூரம். மறு ஆண்டே டகோட்டாக்களை மாநிலத்தை விட்டே துரத்திச் சட்டம் போட்டார்கள். நார்வே விவசாயிகளில் பெரும்பாலானவர்களுக்கு நிலம் கிடைத்தது இதற்குப் பிறகுதான்.

முப்பது ஆண்டு கழித்து, அந்த நிலத்தில் வளர்ந்த பிள்ளைகளின் காசில், அழகான பூர்வகுடிக் காதலர்களுக்குச் சிலை. உயிரோடு இருந்தவர்களைத் துரத்திவிட்டுக் கவிதையில் வந்தவர்களை நிறுத்தியிருக்கிறார்கள். சிற்பியின் கைத்திறனைப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

ஆற்றங்கரை

கேள்விக்குறி, நீங்கள் எழுதியது எல்லாமே இந்த இழைக்குள் இருக்க வேண்டியது. உங்கள் பக்கத்துக்கு இன்னொரு சான்றையும் நானே சேர்க்கிறேன்.

யாக்கொபின் தங்கை பாலீன், இன்னொரு சகோதரி தோமானே. இருவரும் பூத்தையல் வேலையில் பேர்போனவர்கள். மின்னசோட்டாவின் முதல் மாநிலக் கொடியை 1893இல் தைத்தவர்கள் இவர்கள்தான். வடிவமைத்தது அமேலியா ஹைட் சென்டர் என்ற பெண்மணி. பட்டுத் துணி, ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் நீலம், நடுவில் மாநில முத்திரை. அதே சிகாகோ கண்காட்சிக்குப் போய்த் தங்கப் பதக்கம் வாங்கியது. அண்ணனுடைய பிளாஸ்டர் சிலையும் தங்கைகளின் கொடியும் ஒரே கண்காட்சியில்!

அந்த முத்திரையில் என்ன இருந்தது தெரியுமா? வெள்ளைக்கார உழவன் ஏர் ஓட்டுகிறான், பூர்வகுடி ஆள் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான். நிலம் இவனுக்கு, வழி அவனுக்கு என்பதுதான் படம் சொல்லும் செய்தி. அந்த முத்திரை மேல் நெடுநாள் எதிர்ப்பு இருந்து, 2024இல் மின்னசோட்டா கொடியையும் முத்திரையையும் அடியோடு மாற்றிவிட்டது. ஒரு குடியேறிக் குடும்பத்தின் ஊசியும் உளியும் அந்த மாநிலம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையை எழுதிக்கொடுத்தன. கதையில் இருந்த பொய்யும் அதோடு சேர்ந்தே வந்தது.

ஆனால் ஓரிடத்தில் உங்களோடு மாறுபடுகிறேன். ஃபியெல்டே விருப்பப்பட்டதைச் செய்து விற்கும் நிலையில் இல்லை. புதிய ஊர், புதிய மொழி, குடும்பம். யார் காசு திரட்டினார்களோ அவர்கள் கேட்டதைச் செய்தார். நார்வேச் சங்கத்தார் ஓலே புல் கேட்டார்கள். மாநில அரசு சிப்பாய் கேட்டது. கண்காட்சி மண்டபத்துக்கு லாங்ஃபெல்லோ வேண்டியிருந்தது. அவர் தேர்ந்தெடுக்க முடிந்தது எப்படிச் செய்வது என்பதை மட்டும். அதில் அவர் மலிவான வழியில் போகவில்லை.

கேள்விக்குறி

கேட்டவர்கள் மேல் பழியைப் போட்டால் செய்தவர் தப்பிவிடுவார் என்பதை ஏற்க முடியாது. ஆனால் கொடி விவரத்துக்கு நன்றி. அது எனக்குப் புதிது.

செம்பரிதி

அதே காலத்தில் வேறு நார்வேச் சிற்பிகள் போகவில்லையா?

ஆற்றங்கரை

போனார்கள். சிக்வால் அஸ்ப்யோர்ன்சன் 1892இல் போய் சிகாகோவில் தங்கினார். ஹம்போல்ட் பூங்காவில் பெரிய பாறைமேல் நிற்கும் பழங்காலக் கடலோடி லீஃப் எரிக்சன் (1901) அவருடையது. ஃபின் ஃப்ரோலிக் சியாட்டில் பக்கம் போனார், இசையமைப்பாளர் கிரீக்கின் மார்பளவுச் சிலையை அங்கே செய்தார். பட்டியலைக் கவனியுங்கள்: எரிக்சன், கிரீக், இப்சன், ஓலே புல். எந்த ஊராக இருந்தாலும் நார்வேக்காரர்கள் இந்த நான்கைந்து பேரைத்தான் கேட்டார்கள்.

மண்வேலை

நார்வேயின் புகழ்பெற்ற சிற்பி விகெலாண்டை யாரும் இன்னும் இழுக்கவில்லையே. குஸ்தாவ் விகெலாண்டும் பெர்க்ஸ்லீனின் பட்டறையில் இருந்தவர்தான். ஃபியெல்டே போன பிறகு, 1880களின் கடைசியில் சேர்ந்தார். பத்து வயது இளையவர்.

விகெலாண்டுக்கு ஆஸ்லோ நகராட்சி 1921இல் ஒப்பந்தம் போட்டு, பெரிய பட்டறையும் வீடும் கட்டிக்கொடுத்தது. பதிலுக்கு அவர் வேலை எல்லாம் நகரத்துக்கு. அதனால்தான் ஃபிராக்னர் பூங்காவில் 200க்கும் மேற்பட்ட உருவங்களோடு ஒரு முழு உலகத்தையே அவரால் படைக்க முடிந்தது. தான் நினைத்ததை நினைத்தபடி செய்ய ஒரு நகரமே முட்டுக்கொடுத்தது. ஃபியெல்டேவுக்கு அது கனவில் கூட இல்லை. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு குழு, ஒரு நன்கொடைப் புத்தகம், ஒரு காத்திருப்பு.

திறமையில் இருவரும் சமம் என்று நான் சொல்லவில்லை. விகெலாண்ட் வேறு உயரம். ஆனால் 37 வயதில் விகெலாண்டும் இறந்திருந்தால், அவர் பூங்காவில் இன்று நிற்பவற்றில் பெரும்பகுதி இருந்திருக்காது. 1906இல் அவர் நீரூற்றின் மாதிரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். ஃபியெல்டேவை எடைபோடும்போது இந்த வயதுக் கணக்கை மறக்கக் கூடாது.

ஏரிக்கரை வாசி

அந்த ஃபிராக்னர் பூங்காவிலேயே ஃபியெல்டே குடும்பத்துச் சிலை ஒன்று இருக்கிறது ஐயா!

யாக்கொப் இறந்தபோது மகன் பாலுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. அந்தப் பிள்ளையும் வளர்ந்து சிற்பியானான். அப்பாவிடம் ஒருநாள் கூடத் தொழில் கற்க வாய்ப்பில்லாத பிள்ளை. பால் செய்த லிங்கனின் மார்பளவுச் சிலையை வடக்கு டகோட்டா மக்கள் நார்வேக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1914 ஜூலை 4, நார்வே அரசியலமைப்பின் நூற்றாண்டு. அப்போது பாலுக்கு 21 வயது. நாஜிகள் நார்வேயைப் பிடித்திருந்த காலத்தில், கூட்டம் கூடத் தடை இருந்தபோதும், ஜூலை 4 அன்று ஆஸ்லோ மக்கள் அந்த லிங்கன் முன்னால் வந்து தலைகுனிந்து பேசாமல் நின்றார்கள். அப்பா நார்வேயை அமெரிக்காவுக்குச் சுமந்து வந்தார், மகன் அமெரிக்காவை நார்வேக்கு அனுப்பினார்.

கேள்விக்குறி

பால் ஃபியெல்டே செய்த இன்னொரு சிலையையும் சொல்லுங்கள். விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் கர்னல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக். சிறுவயதில் நார்வேயிலிருந்து வந்த ஹெக் அடிமைமுறையை எதிர்த்தவர். நார்வேக்காரர்கள் நிறைந்த 15ஆம் விஸ்கான்சின் படைப்பிரிவை நடத்தி, 1863 செப்டம்பரில் சிக்கமாகா போரில் செத்தவர். 2020 ஜூனில் நடந்த போராட்டத்தில் அந்தச் சிலையைச் சாய்த்து, தலையைத் துண்டாக்கி, மொனோனா ஏரியில் தள்ளினார்கள். 2021இல் சரிசெய்து மறுபடி நிறுத்தினார்கள்.

நான் ஹயாவதா சிலையைக் கேள்வி கேட்டவன். ஆனால் ஹெக் விஷயத்தில் மனம் வலித்தது. சிலையில் நிற்பவர் யார் என்று படித்துப் பார்த்திருந்தால் அந்தக் கயிறு விழுந்திருக்காது. எதிர்ப்பதற்கும் வரலாறு தெரிய வேண்டும்.

பழுப்பேடு

மூன்றாம் தலைமுறையையும் சேர்த்துவிடுகிறேன். பாலின் மகன் ரோல்ஃப் ஃபியெல்டே. இப்சனின் நாடகங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், அமெரிக்க இப்சன் சங்கத்தை நிறுவியவர். 1885இல் மோல்டேயில் தாத்தா இப்சனின் முகத்தைப் பிடித்தார், பேரன் வாழ்நாள் முழுக்க இப்சனின் வசனத்தோடு கிடந்தார். கல்லூரியில் நாடகம் படித்தபோது அவர் மொழிபெயர்ப்பில்தான் நான் இப்சனை வாசித்தேன். அந்தக் குடும்பப் பெயர் ஒரு சிற்பியுடையது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

செம்பரிதி

அடுத்த கோடையில் அக்கா வீட்டுக்கு அமெரிக்கா போகிறேன். சியாட்டில் பக்கம். இவருடைய வேலை ஏதாவது அங்கே பார்க்க முடியுமா?

ஆற்றங்கரை

முடியும். சியாட்டிலுக்குத் தெற்கே டகோமா நகரின் ரைட் பூங்காவுக்குப் போங்கள். 1913இல் வைத்த இப்சன் அங்கே இருக்கிறார். மின்னசோட்டா தலைநகர் செயின்ட் பாலின் கோமோ பூங்காவிலும், வடக்கு டகோட்டாவின் வாபெட்டன் ஊரிலும் அதே உருவத்தின் வேறு வார்ப்புகள் உண்டு. ஃபியெல்டேவின் கையைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் போய் கன்னத்து மீசையையும் இறுகிய வாயையும் பாருங்கள்.

மண்வேலை

வெயில் சாய்ந்த பிறகு போங்கள் தம்பி. உச்சி வெயிலில் வெண்கல முகத்தில் பள்ளம் மேடு எதுவும் தெரியாது. படம் எடுத்தால் இங்கே போடுங்கள். பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து எடுங்கள்.